ஹக்கிள்பெர்ரியைத் துண்டு போடாதீர்கள்

பழைய கார்ட்டூன்களின் உரிமையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு,

வணக்கம். ஒரே ஒரு கோரிக்கை. 'ஹக்கிள்பெர்ரி ஹவுண்ட்' தொடரை அரைமணி நேர நிகழ்ச்சியாகவே, முழுசாகக் காட்டுங்கள்.

போன வாரம் மகளுக்கு அந்தத் தொடரில் வரும் யோகி கரடியைக் காட்டினேன். 1958இல் வந்த முதல் கதை. ஜெல்லிஸ்டோன் பூங்காவை விட்டு எப்படியாவது ஓடிவிடப் பார்க்கிறது யோகி. ஒருவழியாக வெளியே போனால், அங்கே கரடி வேட்டைக்காலம்! வந்த வழியே தலைதெறிக்க ஓட்டம். விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்புறம்ப்பா?" என்றாள். அப்புறம் ஒன்றுமில்லை. சம்பந்தமே இல்லாத வேறு எதுவோ ஓட ஆரம்பித்துவிட்டது.

இருந்திருக்க வேண்டும். அந்த நிகழ்ச்சியில் மூன்று கதைகள்: நீல நாய் ஹக்கிள்பெர்ரி, யோகியும் அதன் குட்டிக் கரடித் தோழன் பூ-பூவும், பிக்ஸி, டிக்ஸி எலிகளும் அவற்றைத் துரத்தும் ஜிங்க்ஸ் பூனையும். கதைகளுக்கு நடுவே குட்டிக் குட்டி இணைப்புக் காட்சிகள். தனித்தனிக் கதைகளில் வாழும் இந்த மிருகங்கள் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொள்வது அங்கேதான். நிகழ்ச்சியைக் கதை கதையாகப் பிரிக்கும்போது முதலில் காணாமல் போவது அதுதான்.

ஹாலிவுட் பட நிறுவனமான எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவை மூடியது 1957இல். அங்கே டாம் அண்ட் ஜெர்ரி செய்துகொண்டிருந்த ஹன்னாவும் பார்பெராவும் தொலைக்காட்சிக்கு வந்து இந்தத் தொடரைச் செய்தார்கள். கையில் காசு குறைவு. யோகியின் கழுத்தைக் கவனியுங்கள்: காலர், டை. உடம்பை அப்படியே நிறுத்திவிட்டு, காலருக்கு மேலே தலையை மட்டும் மாற்றி மாற்றி வரைந்தார்கள். ஒட்டுப்போட்ட இடத்தைக் காலர் மறைத்துவிடும். படம் அசையாத இடத்தில் சிரிக்க வைத்தது குரல். பூ-பூவுக்கும் பூங்காக் காவலர் ஸ்மித்துக்கும் டான் மெசிக். ஹக்கிள்பெர்ரி, யோகி, ஜிங்க்ஸ், டிக்ஸி நான்குக்கும் டாஸ் பட்லர்! பூனை எலியைத் திட்டும்போது அவர் தன்னையே திட்டிக்கொள்கிறார். அமெரிக்கத் தென்பகுதிக்காரர்போல் இழுத்து இழுத்துப் பேசும் நாயும், வாய்ச்சவடால் கரடியும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன என்பதை, இரண்டும் எதிரெதிரே நின்று பேசும்போது கேட்க வேண்டாமா?

1960இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கிய முதல் கார்ட்டூன் தொடர் இது. விருது முழு நிகழ்ச்சிக்குத்தான்.

பின்னணி இசை வெளியிலிருந்து வாங்கிப் போட்டது என்பதால் உரிமைச் சிக்கல் வரும், தெரியும். செலவானாலும் அந்த இசையையே வாங்குங்கள். வேறு இசையை ஒட்டினால் பூனை பதுங்கி வரும் நடையே மாறிப்போகும். இணைப்புக் காட்சிகளில் கெல்லாக்ஸ் விளம்பரம் இடிக்கிறதென்றால் விளம்பரத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.

கடைசியில் ஓடும் பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். டாஸ் பட்லர் யாரென்று மகளுக்கு நான்தான் வாயால் சொன்னேன். அவள் இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். அந்தப் பெயரைத் திரையிலேயே படிக்கட்டும்.

அன்புடன்,
ஒரு தகப்பன்