மாமாவின் ஹார்மோன் ஊசி

அன்புள்ள கயலுக்கு,

மாமா நடுராத்திரியில் பனியன் நனைந்து எழுந்து உட்காருகிறார், பத்து நிமிடத்தில் குளிர்கிறது என்று போர்வை கேட்கிறார், டிவி பார்க்கும்போது காரணமில்லாமல் கண் கலங்குகிறார் என்று எழுதியிருந்தாய். வயதாகிவிட்டது என்று தள்ளிவிடாதே. எல்லாம் அவருடைய புரோஸ்டேட் புற்றுநோய்க்காக வயிற்றில் போடுகிற அந்த ஹார்மோன் ஊசியின் வேலை.

புரோஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்கு அடியிலிருக்கும் சுரப்பி. அதில் வரும் புற்றுநோய் ஆண் ஹார்மோனைத் தின்று வளர்வது. 1941இலேயே சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் இதைக் காட்டினார். 1966இல் நோபல் பரிசும் வாங்கினார். அந்தக் காலத்தில் விரைகளை எடுப்பார்கள். இப்போது கோசெரலின், லியூப்ரோலைடு போன்ற ஊசிகள் மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை அடக்கி, விரைக்குப் போகிற உத்தரவை நிறுத்திவிடுகின்றன. ரத்தப் பரிசோதனையில் 300 நானோகிராமுக்கு மேல் இருந்த டெஸ்டோஸ்டீரோன், அதாவது ஆண் ஹார்மோன், மூன்று நான்கு வாரத்தில் 50க்குக் கீழே வந்துவிடும். மாதவிடாய் நிற்கும்போது பெண்களுக்குச் சில வருடங்களில் நடப்பது மாமாவுக்கு ஒரே மாதத்தில் நடந்திருக்கிறது. அத்தையிடம் இப்படிச் சொல்லிப் பார், சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

முதலில் தேதி. 10.8 மில்லிகிராம் கோசெரலின் என்றால் 12 வாரம், அதாவது 84 நாள். 'மூணு மாசம்' என்று கணக்கு வைத்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் பிந்தும். காலண்டரில் நாளை எண்ணிக் குறித்து வை. ஊசி தடிமனானது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் நர்ஸிடம் முன்கூட்டியே சொல். முதல் ஊசி போட்டதும் ஒன்றிரண்டு வாரம் ஹார்மோன் இறங்காமல் ஏறும். அந்த ஹார்மோன் புற்றைத் தூண்டிவிடாமல் தடுக்கத்தான் பைகலுடமைடு 50 என்ற மாத்திரை கொடுத்திருப்பார்கள். அதை எப்போது நிறுத்த வேண்டும் என்று சீட்டில் இருக்கிறதா பார், இல்லையென்றால் கேள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம்.

வியர்வைக்கு வருகிறேன். உடம்புச் சூட்டைக் கவனிக்கும் மூளைப் பகுதி, ஹார்மோன் இறங்கியதும் கொஞ்சச் சூட்டையே பெரிதாக எடுத்துக்கொண்டு ரத்தக் குழாய்களைத் திறந்து வியர்க்க வைக்கிறது. வியர்வை காய்ந்ததும் குளிர்கிறது. ஒரு வாரம், வருகிற நேரத்தையும் அதற்கு முன் என்ன சாப்பிட்டார் என்பதையும் எழுதி வை. கொதிக்கக் கொதிக்கக் காபி, காரம் இரண்டும் பலருக்குத் தூண்டிவிடும். பருத்தி வேட்டி, தலைமாட்டில் ஒரு துண்டு, கனமான ஒரு கம்பளிக்குப் பதில் மெல்லிய போர்வை இரண்டு. தூக்கமே போகிறது என்றால் டாக்டரிடம் சொல். இதற்கு மாத்திரை உண்டு, தாங்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் தெர்மாமீட்டர் 100.4 டிகிரி காட்டினால் அது காய்ச்சல், ஊசியின் மேல் பழி போடாதே.

இதெல்லாம் அவரே சொல்லிவிடுகிற தொல்லை. எனக்குப் பயம் சத்தமில்லாமல் நடக்கிறதில்தான். எலும்பு முதல் வருடத்தில்தான் வேகமாகத் தேயும். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தாயிற்றா? கால்சியம் ஒரு நாளைக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் சேர வேண்டும். 50 கிராம் கேழ்வரகில் 170 போல வரும், 400 மில்லி பாலில் 480 போல வரும். தயிர், கீரை போக மீதிக்குத்தான் மாத்திரை. அட்டையில் 'கால்சியம் கார்பனேட் 1250' என்று இருந்தால் அதில் கால்சியம் 500தான். சாப்பாட்டோடு கொடு. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இரண்டுக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

வைட்டமின் டி 60,000 யூனிட் வாரத்துக்கு ஒன்று என்று எழுதிக் கொடுப்பதை தினம் ஒன்றாகச் சாப்பிட்டுவிடுகிறவர்கள் உண்டு. ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், புத்தித் தடுமாற்றம் எல்லாம் வரும். 'ஞாயிறு' என்று அட்டையிலேயே பேனாவால் எழுது. எலும்பைக் காக்க ஜோலட்ரானிக் அமிலமோ டெனோசுமாபோ ஊசியாகப் போடச் சொன்னால், அதற்கு முன் பல் டாக்டரிடம் போய் ஆடுகிற பல், சொத்தைப் பல்லை முடித்துவிடுங்கள். ஊசிக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். குளியலறை வழுக்கலும் உன் கவனத்தில் இருக்கட்டும்.

தினம் நடக்கிறாரே என்று எழுதியிருந்தாய். நல்லதுதான், ஆனால் நடை மட்டும் தசையைக் காக்காது. கைப்பிடியில்லாத நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காரட்டும், சற்று ஓய்வுக்குப் பின் இன்னொரு பத்து. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்கி இறக்கட்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். களைப்புக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. ஹீமோகுளோபின் ஒரு கிராமோ அதற்குச் சற்று மேலோ இறங்கும். இரும்புச் சத்து குறைவில்லை என்றால் டானிக் கொடுத்து ஏறாது, வயிறுதான் கட்டும். தொப்பை போடுவதைப் 'பூசினாற்போல் இருக்கிறார்' என்று சந்தோஷப்படாதே. சர்க்கரை, கொழுப்பு, பிரஷர் மூன்றையும் சில மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். நெஞ்சு வலியோடு வியர்த்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடு.

இன்னொன்று. ஆசையும் விறைப்பும் போய்விடும், உறுப்பும் சுருங்கும். இதை நீ மாமாவிடம் பேச முடியாது, மாப்பிள்ளையும் கூச்சப்படுவார். அடுத்த தடவை நீங்கள் வெளியே வந்து, அத்தையும் மாமாவும் டாக்டரோடு பத்து நிமிடம் தனியாக இருக்கட்டும். ஊசி நின்றபிறகும் ஹார்மோன் திரும்ப மாதக்கணக்காகும். வயதானவர்களுக்குத் திரும்பாமலும் போகலாம். கடையில் விற்கும் 'ஆண்மை' லேகியம் எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது. அது டெஸ்டோஸ்டீரோனைக் கூட்டினால் இத்தனை ஊசியும் வீண். நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் எடுப்பவர் விறைப்பு மாத்திரையைத் தொடவே கூடாது. பிரஷர் ஆபத்தாக இறங்கிவிடும்.

முதுகு வலி புதிதாக வந்து, கால் மரத்தாலோ பலம் குறைந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ, ராத்திரி எத்தனை மணியானாலும் கிளம்புங்கள். புற்று முதுகுத் தண்டை அழுத்துகிறதாக இருக்கலாம். விடியட்டும் என்றிருந்தால் காலில் பலம் திரும்பாமலே போகலாம்.

கடைசி ஊசி போட்ட தேதியையும் டெக்ஸா முடிவையும் எழுது.

அம்மா