நிலம் பார்த்துவிட்டு வந்து எழுதுவது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நிலம் வாங்கும் விஷயத்தைத் தொலைபேசியில் பேசி முடிக்கவே இயலவில்லை. நீ அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரத்தில் பேச ஆரம்பித்து, பாதியிலேயே வைத்துவிடுகிறோம். ஆகவே இந்த இரண்டு மாதங்களில் நாங்கள் எங்கெங்கே போனோம், எதை ஏன் வேண்டாம் என்று விட்டோம், இப்போது எந்த இடத்தில் மனம் நிற்கிறது என்பதையெல்லாம் எழுத்தில் வைத்துவிடுகிறேன். நிதானமாகப் படித்து, மாப்பிள்ளையிடமும் காட்டு.

முதலில் உன் கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறேன். பணம் நீ அனுப்புவதால் நிலத்தை உன் பெயரிலேயே பதிந்துவிடலாமே என்று கேட்டாய். சட்டம் அதற்கு இடம் தரவில்லை, அம்மா. வெளிநாட்டில் வாழும் இந்தியர் இங்கே வீடு வாங்கலாம், மனை வாங்கலாம். ஆனால் விளைநிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும் அனுமதிப்பதில்லை. நாங்கள் வாங்கி உனக்குத் தானமாக எழுதித் தருவதும் கூடாது. எங்களுக்குப் பிறகு வாரிசு என்ற முறையில் உனக்கு வந்து சேருவதற்கு மட்டும் தடையில்லை. கிரயம் அம்மா பெயரில் இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். என்றோ ஒரு நாள் அது கடல் கடந்து இருக்கும் உன் கைக்கு வரும் என்பதால், வழக்கும் தகராறும் இல்லாத, நீ நினைத்தால் விற்கவோ வைத்துக்கொள்ளவோ கூடிய சின்ன நிலமாக அது இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

நீ அனுப்பிய விளம்பரத்தில் இருந்த பண்ணை மனையை, மதுராந்தகம் பக்கம், ஏப்ரலில் போய்ப் பார்த்தோம். நுழைவாயிலும் உள்சாலையும் அழகாக இருந்தன. வரிசையாக மாங்கன்று நட்டு, சொட்டுநீர்க் குழாய் போட்டிருந்தார்கள். அடங்கலில் எந்தப் பயிர் பதிவாகியிருக்கிறது, உட்பிரிவு செய்து தனிப் பட்டா கிடைக்குமா என்று கேட்டேன். மொத்த நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு மட்டுமே எழுதித் தரப்படும் என்றார்கள். நாற்பது பேரோடு சேர்ந்து வைத்திருக்கும் நிலத்தில் நமக்கென்று ஒரு கல் கூட நட முடியாது. அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஓர் ஆழ்துளைக் கிணறு. அது வற்றினால் யாருக்கு முதலில் தண்ணீர் என்று கேட்டதற்கு மனையைச் சுற்றிக் காட்டிய இளைஞரிடம் பதில் இல்லை.

அங்கிருந்து திரும்பும் வழியில் ஒரு தரகர் வேறொரு நிலத்தைக் காட்டினார். சுற்றுவட்டார விலையில் பாதி. ஏன் இவ்வளவு மலிவு என்று சந்தேகம் வந்து, நிலத்தின் வகையையும் உரிமையாளரையும் குறித்து வைக்கும் கிராமக் கணக்கான பழைய அ-பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்ததில் அது பஞ்சமி நிலம் என்று தெரிந்தது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று அரசு ஒதுக்கிய நிலங்கள் அவை. பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்டவை. 1980களில் யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது பட்டாக்களில் பெயர்கள் மாறிவிட்டதால், இன்றைய கணினிப் பட்டாவை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. அப்படிப்பட்ட கிரயம் செல்லாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னொருவர் குடும்பம் பசியில் இழந்த மண்ணில் நான் போய் முருங்கை வைத்து உண்ண மாட்டேன். தரகரிடம் அப்போதே சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அம்மாவுக்குத் தன் பிறந்த ஊர்ப் பக்கம் போக வேண்டும் என்ற ஆசை உண்டு என்பது உனக்குத் தெரியும். பேராவூரணிக்குப் போய் ஐந்து நாள் தங்கினோம். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னந்தோப்புகளில் மறுபடி நட்ட கன்றுகள் காய்ப்புக்கு வந்திருக்கின்றன. பார்க்க மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் அது கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேட்டூர் திறந்தாலும் தண்ணீர் வந்து சேரும் நாளை யாராலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. அதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாமா காட்டிய நிலம் பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்து. அந்தக் குடும்பத்தில் பிறந்த பெண்மக்கள் மூவர். தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை ஒருவர் கூட எழுதித் தரவில்லை. பெண்களுக்கு என்ன பங்கு, அண்ணன் தம்பிகள் கையெழுத்துப் போட்டால் போதும் என்று அங்கே இன்னும் பேசுகிறார்கள். தமிழ்நாட்டில் 1989லேயே பெண்களைப் பூர்வீகச் சொத்தில் பங்காளியாக்கிச் சட்டம் வந்தது. 2005இல் மத்தியச் சட்டமும் திருத்தப்பட்டது. 2020இல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமை பிறப்பாலேயே வருவது என்று தெளிவாக்கியது. ஒரு மகளைப் பெற்று வளர்த்தவன், மூன்று மகள்களின் கையெழுத்து இல்லாத பத்திரத்தை எப்படி வாங்குவேன்? அம்மாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஊர் திரும்பும்போது பேருந்தில் வெகுநேரம் பேசாமல் வந்தாள்.

அதன் பிறகுதான் தென்காசிக்குப் போனோம். வடகரைப் பக்கம், மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் தென்னையும் நெல்லியும். சாரல் தொடங்காத மே மாதத்திலேயே காற்றில் ஈரம் இருந்தது. வாசலில் நின்றால் மலை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அன்றே முன்பணம் கொடுக்கும் மனநிலையில் இருந்தேன் என்பதை உன்னிடம் மறைக்கவில்லை. தோப்பின் மேற்குக் கோடியில் நான்கு தென்னைகள் சாய்ந்து கிடந்தன. மட்டைகள் கிழிந்து, குருத்து இருந்த இடத்தில் நார் நாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. யானை குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. இரவில் வெடி போட்டு விரட்டக் காவலுக்கு ஆள் வைத்திருப்பதாகத் தோட்டக்காரர் சாதாரணமாகச் சொன்னார். யானையைக் குறை சொல்வதற்கில்லை, அது வந்துபோகும் வழியில் நாம்தான் தென்னை வைத்திருக்கிறோம்.

அன்று மாலை குற்றாலத்தில் அறைக்குத் திரும்பியதும் அம்மா கேட்டாள்: “நம்மில் யார் முதலில் போனாலும், மிச்சம் இருப்பவர் அந்தத் தோப்பு வீட்டில் ஒரு ராத்திரி தனியாகப் படுக்க முடியுமா?”

முப்பத்திரண்டு ஆண்டுகள் வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் இருந்து, நூற்றுக்கணக்கான கிணறுகளையும் பத்திரங்களையும் பார்த்தவன் நான். இந்தக் கேள்வியை எந்த நிலத்திலும் நான் கேட்டதில்லை. இருவராக வாழப்போகும் இடத்தை மட்டுமே தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு அறுபத்தி நான்கு, அம்மாவுக்கு அறுபது. இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒருவர் மட்டும் இருக்கும் நாள் வரத்தான் செய்யும். அந்த ஒருவர் பெரும்பாலும் அம்மாவாகத்தான் இருப்பாள். இதைப் படிக்க உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும், இருந்தாலும் இடம் தேர்ந்தெடுப்பதன் மையம் இதுதான் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை. வண்டி ஓட்டத் தெரியாத ஒரு பெண்மணி நடந்து போய்ப் பால் வாங்கவும், நெஞ்சு வலித்தால் பக்கத்து வீட்டைக் கூப்பிடவும், ஒரு மணி நேரத்துக்குள் பெரிய மருத்துவமனையை அடையவும் வேண்டும் என்று வைத்துக்கொண்டு பார்த்ததும், நாங்கள் வரைந்து வைத்திருந்த தேர்வுப் பட்டியல் முழுவதும் மாறிப்போனது.

இப்போது மனம் நிற்கும் இடம் வீரவநல்லூருக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். இரண்டு பருவமழையையும் வாங்கும் ஆறு என்பதால் மற்ற ஆறுகளைப் போல அது எளிதில் வறள்வதில்லை. பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரையுள்ள எட்டு அணைக்கட்டுகளில் கன்னடியன் மேலிருந்து மூன்றாவது. அணையில் இருப்பு குறைந்த ஆண்டுகளில் முதல் போகமான கார் நெல்லுக்குத் தண்ணீர் கிடைப்பதில்லை, அடுத்த போகமான பிசானம் மட்டும்தான். இதையும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறேன். திருநெல்வேலி–தென்காசி ரயில் அந்த வழியாகப் போகிறது. பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றித் தெருவில் ஐந்து வீடுகளில் தனித்தனியாகக் கேட்டேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில் வயலில் இடுப்பளவு தண்ணீர் நின்றிருக்கிறது, தெருவுக்குள் வரவில்லை. ஐவரும் ஒன்றையே சொன்னார்கள். சுவர்களிலும் நீர்க்கறை இல்லை.

வயல் ஒரு ஏக்கர் நாற்பது சென்ட், ஓரத்தில் ஒரு கல் கட்டுக் கிணறு. நிலம் பார்க்கக் கார்த்திகையில் போகக் கூடாது, கத்திரி வெயிலில்தான் போக வேண்டும் என்பது என் வேலை கற்றுத் தந்த பாடம். கால்வாய் அடைத்திருந்த மே மாதக் கடைசியில் போனேன். கிணற்றில் பதினொரு படிகள் வெளியே தெரிந்தன. அதற்குக் கீழே தண்ணீர். ஐந்து குதிரைத்திறன் மோட்டாரைக் காலை ஆறு மணிக்குப் போடச் சொல்லி, ஒன்பது மணி வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். நான்கு படி இறங்கியது. மறுநாள் விடியற்காலையில் மறுபடி போய்ப் பார்த்தபோது மூன்றரைப் படி ஏறியிருந்தது. வடக்குச் சுவரில் ஊற்றுக்கண்ணிலிருந்து நீர் கசிந்து வழிவதைக் கண்ணால் பார்த்தேன். கொஞ்சம் அள்ளிக் குடித்தேன், உப்புக் கரிக்கவில்லை. இருந்தாலும் தண்ணீரையும் மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன்.

அந்த வயலை இருபது ஆண்டுகளாக ஒரு பெரியவர் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு என்ற முறையில், பயிர் செய்கிறார். மோட்டார் ஓடிய மூன்று மணி நேரமும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, எந்த ஆண்டு எந்தப் படி வரை இறங்கியது என்பதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சாகுபடி செய்பவரை வெளியேற்றிக் காலி நிலமாகத் தருகிறேன் என்றார் நிலத்துக்காரர். வேண்டாம் என்றேன். பயிரிடும் குத்தகைதாரருக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புத் தந்திருக்கிறது என்பதற்காக மட்டும் நான் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு நாற்று நடவும் தெரியாது, மடை திருப்பவும் தெரியாது. அவர் இருந்தால்தான் அது வயல். அவருக்கு என்ன பங்கு, எத்தனை ஆண்டு என்பதை மூவரும் உட்கார்ந்து எழுதிக்கொள்வோம். அவர் மனைவியும் அம்மாவும் அதற்குள் பழகிவிட்டார்கள்.

வீடு வயலில் இல்லை. நஞ்சையை மனையாக மாற்ற மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும். அது கிடைத்தாலும் நெல் விளையும் மண்ணில் சிமென்டைக் கொட்ட எனக்கு மனமில்லை. ஊருக்குள், குடியிருப்புக்கென்று உள்ள நத்தம் நிலத்தில், தெருவின் நடுவில் ஆறு சென்டில் ஒரு பழைய ஓட்டு வீடு விலைக்கு வருகிறது. இரண்டு பக்கமும் வீடுகள். எதிரே பால் சங்கம். கழிப்பறையைப் படுக்கை அறையோடு சேர்த்துக் கட்டி, வாசல் படியின் உயரத்தைக் குறைத்தால் போதும். வயலுக்கு நடை தூரம் பத்து நிமிடம்.

பத்திர வேலையில் நான் அவசரப்படவில்லை. 2005இல் திருவள்ளூர் பக்கம் வாங்கிய ஐம்பது சென்ட் உனக்கு நினைவிருக்கும். பத்திரத்தில் ‘மாமூல் வண்டிப்பாதை பாத்தியம் உள்பட’ என்று எழுதியிருந்ததை நம்பி, நில அளவைத் துறையின் வரைபடமான புலப்படத்தில் பாதை இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டேன். பக்கத்து நிலத்துக்காரர் வேலி போட்டதும் நம் நிலத்துக்குள் நாமே போக முடியவில்லை. கடைசியில் அவருக்கே குறைந்த விலைக்குக் கொடுத்தேன். நீ கல்லூரியில் சேர்ந்த அந்த ஆண்டு நான் ஏன் கணக்குப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்தேன் என்று ஒருமுறை கேட்டாய், காரணம் இதுதான். இந்த முறை புலப்படத்தில் கிழக்கு எல்லையை ஒட்டி வண்டிப்பாதை தனிப் புல எண்ணோடு இருக்கிறது. நிலத்தின் முந்தைய கிரயத்தைக் காட்டும் தாய்ப் பத்திரம் வந்துவிட்டது. 1975 முதல் நிலத்தின் மீது பதிவான கிரயம், அடமானம் எல்லாவற்றையும் காட்டும் வில்லங்கச் சான்றும் போட்டுப் பார்த்துவிட்டேன். கிணற்று மின் இணைப்பு மட்டும் இன்னும் நிலத்துக்காரரின் காலஞ்சென்ற தகப்பனார் பெயரில் இருக்கிறது. இலவச விவசாய இணைப்புக்குப் புதிதாக விண்ணப்பித்தால் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதால், அவர் முதலில் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. வயலின் நான்கு மூலைகளில் மூன்றில்தான் எல்லைக்கல் இருக்கிறது. வடகிழக்கு மூலைக் கல்லைக் காணவில்லை. உழவில் பெயர்ந்ததா, யாராவது எடுத்தார்களா என்று பெரியவருக்கும் தெரியவில்லை. நில அளவைக்குப் பணம் கட்டியாகிவிட்டது. வரும் வியாழக்கிழமை அளவையர் வருகிறார். அண்டை நிலத்துக்காரர்கள் இருவரையும் நானே வீட்டுக்குப் போய் அழைத்துவிட்டு வந்தேன். அவர்கள் முன்னிலையில் அந்தக் கல்லை நட்ட பிறகுதான் முன்பணம் கொடுப்பேன். அதுவரை நீ பணம் அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
அப்பா