தைல பாட்டில்கள் பற்றி மகளுக்கு

கடலூர்

அன்புள்ள கயலுக்கு,

பாப்பாவுக்குச் சளி என்று யூகலிப்டஸ் தைலம், கிராம்புத் தைலம், டீ ட்ரீ ஆயில் எல்லாம் வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

இந்தத் தைலங்களுக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி உண்டு. வேதியியல் நடத்தியவன் என்ற முறையில் எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கிராம்புத் தைலத்தில் பெரும்பகுதி யூஜினால் என்ற வேதிப்பொருள். பல் டாக்டர்கள் அதைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத்தான் சொத்தைப் பல்லைத் தற்காலிகமாக அடைக்கிறார்கள். ஓமத்தில் தைமால், நம் தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லியில் கார்வக்ராலும் தைமாலும். எல்லாமே ஃபீனால் என்ற வேதிப்பொருள் குடும்பத்தைச் சேர்ந்தவை. கொழுப்பில் சுலபமாகக் கரையும். பாக்டீரியாவின் சவ்வு கொழுப்பால் ஆனது. அதற்குள் புகுந்து அதைத் தளர்த்திவிடும். உள்ளே இருக்கும் பொட்டாசியம் அயனிகள் வெளியே கசியும், செல் செத்துப்போகும். சூடோமோனாஸ் போன்ற, கிராம் நெகட்டிவ் என்ற வகை பாக்டீரியாக்களுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது. அவை லேசில் மடியாது.

ஆனால் கொழுப்புச் சவ்வு நம் செல்லுக்கும் உண்டு, கயல். கிராம்புத் தைலத்தை அப்படியே தடவினால் ஈறு புண்ணாவது அதனால்தான். அப்புறம், பாப்பாவின் சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆய்வகத் தட்டில் பாக்டீரியா செத்தது என்பதை வைத்துக் குழந்தையின் மூக்குக்கு மருந்து முடிவு செய்ய முடியாது.

பாட்டி உனக்குக் கற்பூரவல்லிச் சாறு கொடுத்தாரே என்பாய். பச்சை இலையில் தைலம் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. பாட்டிலில் இருப்பது முழுக்கத் தைலம். யூகலிப்டஸ் தைலத்தில் சினியோல் என்ற வேதிப்பொருள் மட்டுமே பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல். சில மில்லி விழுங்கினாலே சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். கற்பூரமும் அப்படித்தான். மூக்கில் தடவுவதும் வேண்டாம், மூச்சு திணறும்.

வாசனைக்கு ஆசை என்றால் நம் கடலோர மணலில் விளைகிற வெட்டிவேர் அனுப்புகிறேன், துணி அலமாரியில் வை. அதன் எண்ணெயில் இருப்பவை செஸ்குவிடெர்பீன்கள் என்ற கனமான மணப்பொருள்கள். மெதுவாக ஆவியாவதால் மணம் நாள்கணக்கில் நிற்கும்.

பாட்டில்களைப் பாப்பாவுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வை. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதுமா என்று குழந்தை டாக்டரிடம் கேள். மூச்சு வேகமாக வாங்கினாலோ, பால் குடிக்காவிட்டாலோ உடனே தூக்கிக்கொண்டு போ. டாக்டர் என்ன சொன்னார் என்று இரவு போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா