ஆட்டத்துக்கு வராதவன் வீட்டுக்கு ஒரு நடை போங்கள்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று நம் ராமநாதபுரம் கடற்கரை நெடுக கபடிக் குழுவும் கால்பந்துக் கழகமும் வாலிபால் டீமும் நற்பணி மன்றமும் நடத்துகிற தம்பிகளுக்கும் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

நான் பதினாறு வருடம் கபடி ஆடியவன். மண்டபத்துக்குப் பக்கத்து ஊர். இப்போது சாயங்காலமானால் களத்து ஓரத்தில் உட்கார்ந்து பையன்கள் ஆடுவதைப் பார்ப்பதோடு சரி. உங்களில் பலருக்கு என்னை முகம் தெரியும். மைக்கில் சொல்ல முடியாத ஒரு விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் குழுவில் இடது கார்னர் ஆடிய ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம், அவன் அம்மா இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார். அவன் கணுக்காலைப் பிடித்தால் எதிராளி நகர முடியாது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலை கிடைத்துவிடும் என்று வீடே காத்திருந்தது. ஒரு டோர்னமென்டில் முழங்கால் லிகமென்ட் அறுந்தது. முதல் வாரம் குழு மொத்தமும் போய்ப் பார்த்தோம். அடுத்த வாரம் நாலு பேர் போனோம். அப்புறம் சீசன் தொடங்கிவிட்டது, அவன் இடத்தில் வேறு பையன் நின்றான். ஒருநாள் வாட்ஸாப் குழுவில் அவன் வெளியேறிவிட்டதாக ஒரு வரி வந்தது. நான் பார்த்தேன். சாயங்காலம் ஒரு போன் போட வேண்டும் என்று நினைத்தேன். போடவில்லை.

சில மாதம் கழித்து அவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். முழங்கால்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மனிதனை அந்த இடத்துக்குக் கொண்டுபோவது ஒற்றைக் காரணமாக இருப்பதே இல்லை. வீட்டில் கடன் இருந்தது, அவன் ராத்திரி தூங்காமல் கிடந்தான், குடி கூடியிருந்தது என்பதெல்லாம் எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. தெரிந்துகொள்ள நாங்கள் போகவில்லை. ஆனால் அவன் போன அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டுக் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டிவிட்டோம். அடுத்த வருடம் அவன் பெயரில் கோப்பை. அவ்வளவு சீக்கிரம் கூடி நிற்க எங்களால் முடிந்திருக்கிறது. அவன் இருந்தபோது அதில் பாதி வேகத்துக்குக்கூட நாங்கள் எழவில்லை என்பது இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

அதனால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தொடர்ந்து ரெண்டு நாள் களத்துக்கு வராதவன் வீட்டுக்கு, அந்த ரெண்டாம் நாள் இரவே இருவர் போங்கள். ஆட்டத்துக்குக் கூப்பிட இல்லை, ஆளைப் பார்க்க. அடிபட்டு ஒதுங்கியவன், டீமில் இடம் போனவன், கல்யாணம் நின்றுபோனவன், படகு இலங்கையில் பிடிபட்டுக் கிடக்கிறவன், குழுவை விட்டுச் சொல்லாமல் வெளியேறியவன் எல்லாரும் இதில் வருவார்கள்.

ஏன் உங்களைக் கேட்கிறேன் என்றால், ஊரில் யார் இன்றைக்கு வரவில்லை என்று தினமும் கணக்குப் பார்க்கிறவர்கள் நீங்கள்தான். ஏழாவது ஆள் இல்லையென்றால் அரைமணி நேரத்தில் பைக்கை எடுத்துக்கொண்டு தேடிப் பிடிக்கிறீர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி 2022இல் தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். நாடு முழுக்க எடுத்தால் இப்படி இறந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் தினக்கூலி. பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். நம் களத்தில் நிற்கிற பையன்களும் அவர்களுடைய அப்பாக்களும் அந்தக் கணக்குக்கு வெளியே இல்லை.

ஆண்பிள்ளை வீட்டில் வாய் திறக்க மாட்டான். எதிரில் உட்கார வைத்து என்னடா பிரச்சினை என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பான். வலைக் கொட்டகையில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டு இருக்கும்போது, கண் வலையில் இருக்க, தானாகச் சொல்லுவான். ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே ஆண்களுக்குப் பட்டறைக் கொட்டகைகள் ஊர் ஊராக வைத்திருக்கிறார்கள். மரவேலை செய்தபடி பேசிக்கொள்ளட்டும் என்று. நமக்குக் கொட்டகை ஏற்கெனவே இருக்கிறது, ஆளும் இருக்கிறார்கள்.

தடைக்காலத்தை மனதில் வைத்து இதைச் சொல்லுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாம் பெரிய டோர்னமென்ட் நடத்துவதும் அந்த நாட்களில்தான், ஏனென்றால் ஆட்கள் கரையில் இருப்பார்கள். ஆனால் அதே 61 நாளில்தான் படகு முதலாளியான சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணமும் வட்டியும் ஸ்கூல் ஃபீஸும் ஒன்றாகக் கழுத்தை நெரிக்கின்றன. பகலெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கு யோசனை எங்கெங்கோ போகும். போட்டி முடிந்த ராத்திரி பரிசுப் பணத்தில் பாட்டில் வாங்குவதை இந்த ஒரு விஷயத்துக்காகவாவது விட்டுவிடுங்கள். மனசு உடைந்து கிடக்கிறவனுக்கு அந்த ராத்திரிதான் ஆபத்து. குடியில் எடுக்கிற முடிவை யோசிக்க நேரம் இருக்காது.

இன்னொன்று, களத்தில் நாம் பேசுகிற பேச்சு. மனநலம் சரியில்லாதவர்களைத் தர்காவுக்குக் கூட்டி வருகிற ஊர் ஏர்வாடி. கேட்ச் விட்டவனைப் பார்த்து "இவனை ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போங்கடா" என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறோம், நானும் கத்தியிருக்கிறேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று அதே ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். நம் மாவட்டத்தின் மண்ணில் நடந்தது அது. இன்றைக்கு அங்கே தர்காவுக்கு வருகிறவர்களுக்குத் துஆ என்கிற பிரார்த்தனையோடு மருந்தும் சிகிச்சையும் கிடைக்கிற ஏற்பாடு இருக்கிறது. ஆனால் களத்தில் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்கிற பையன் தனக்கு ஒன்று என்றால் யாரிடம் வாய் திறப்பான்? கோச்சாக இருக்கிற அண்ணன்கள் அந்த ஒரு வார்த்தையை நிறுத்தினால் போதும், மற்றவர்கள் நிறுத்திவிடுவார்கள்.

போய்ப் பார்த்தால் என்ன கேட்பது என்று என்னிடம் சில தம்பிகள் கேட்டார்கள். நேராகவே கேளுங்கள். "மாப்ள, உசுரை விட்டுறலாம்னு நினைப்பு வருதாடா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் சொல்லுகின்றன. கேட்ட பிறகு பாரம் இறங்குகிறது என்பதை நானே கண்ணால் கண்டிருக்கிறேன். கீழக்கரையில் என்றால் வயதில் மூத்த ஒரு காக்கா, அதாவது அண்ணன், கேட்கட்டும், தங்கச்சிமடத்தில் கூடவே ஆடிய மச்சான் கேட்கட்டும். அவன் பேசும்போது புத்தி சொல்லாதீர்கள். "உனக்கென்னடா குறை, ஊரில் எவ்வளவோ பேர் இதைவிடக் கஷ்டத்தில் இருக்கான்" என்று சொன்னால் அவன் வாயை மூடிக்கொள்வான். குடித்திருந்தாலும் அழுதாலும் பக்கத்தில் உட்காருங்கள். ஆமாம் என்று அவன் சொன்னால் அன்றைக்குத் தனியாக விடக் கூடாது, ஆபத்தான பொருள் எதுவும் கைக்கு எட்டாமல் வீட்டார் எடுத்துவிட வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் மட்டும் செய்துவிடாதீர்கள். உசுரு சம்பந்தப்பட்டதை ரெண்டு பேருக்காவது சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த நாள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், அவனைப் போகச் சொல்லாதீர்கள். ராத்திரி என்றால் 14416, டெலிமானஸ் என்கிற மனநல உதவி எண். 2022இல் மத்திய அரசு தொடங்கியது, தமிழிலும் பேசலாம், எந்த நேரமும், காசில்லை. அரசு சுகாதார உதவி எண் 104க்கும் கூப்பிடலாம். இந்த ரெண்டு எண்ணையும் ஸ்பான்சர் பெயருக்குக் கொடுக்கிற அளவிலேயே டோர்னமென்ட் ஃபிளெக்ஸில் போடுங்கள்.

தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் வீட்டிலேயே மூடி மறைக்கிறவர்கள் நம் பக்கம் நிறைய. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலைக்கு முயன்றால் தண்டனை என்று சொன்ன பழைய 309ஆம் பிரிவே இல்லை. இதை ஜமாஅத்திலும் கோயில் கூட்டத்திலும் சர்ச் திண்ணையிலும் சொல்லுங்கள்.

பெண்களைப் பற்றி நான் கொஞ்சம்தான் சொல்ல முடியும், ஏனென்றால் நம் குழுக்களில் அவர்கள் இல்லை. கடல்பாசி எடுக்கப் போகிற அக்காமார், புருஷன் இலங்கைச் சிறையில் இருக்கும்போது குழுக்கடன் வசூல்காரருக்கு வாசலில் நின்று பதில் சொல்லுகிற தங்கச்சிகள், இவர்களுடைய பாரம் நம்முடையதைவிடக் கூடுதல். மகளிர் குழுத் தலைவிகளிடம் போய் இதே பேச்சைப் பேசுங்கள், அவர்கள் நம்மைவிட நன்றாகச் செய்வார்கள்.

ஒரு குழுவில் அப்படி ஒரு சாவு நடந்துவிட்டால் எப்படி, எதனால் என்று படத்தோடு வாட்ஸாப்பில் சுற்ற விடாதீர்கள். அதே நிலையில் இருக்கிற இன்னொரு பையன் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஃபிளெக்ஸுக்கு ஆகிற பணத்தை அந்த வீட்டுக்குக் கொடுங்கள். தம்பி இருந்தால் அவனை மறுவாரமே களத்துக்குக் கூட்டி வாருங்கள். அந்த வீட்டில் யாரும் பேசாமல் இருக்கிற நாட்கள் அவை.

இந்தத் தடைக்காலத்துக்கு முந்தின ஞாயிறு உங்கள் குழுவில் ஒரு கூட்டம் போடுங்கள். யார் யார் வீட்டுக்கு யார் போவது என்று பட்டியல் அன்றைக்கே எழுதிவிடலாம். கூப்பிட்டால் நான் வருகிறேன், பஸ்ஸில் வந்துவிடுவேன். என் கூட்டாளியின் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன். தானும் வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
மண்டபம் பக்கத்துப் பழைய கபடிக்காரன்