பஜ்ஜி சட்டி எண்ணெய் பயோடீசல் ஆகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

நாமக்கல்லில் 20 வருடமாக லாரிகளுக்கு டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலை பார்க்கிறேன். போன வாரம் ஒரு மினி லாரி வந்தது. எஞ்சினுக்குள் டீசலைத் தூவும் நாசிலைக் கழற்றினால் துளைகளைச் சுற்றித் தார் பூசியதுபோல் கரி. ஹோட்டலில் வாங்கிய பழைய எண்ணெயை லாரிக்காரர் வேட்டித் துணியில் வடிகட்டி, டீசலில் கலந்து ஓட்டியிருக்கிறார். "இதுதானே பயோடீசல்?" என்று கேட்டார்.

இல்லவே இல்லை. எண்ணெயை மெத்தனாலோடு வினைபுரிய வைத்து, கிளிசரினைப் பிரித்து, ஈரம் போக்கிய பிறகு கிடைப்பதுதான் பயோடீசல். வெறும் எண்ணெய் டீசலைவிடச் சுமார் 10 மடங்கு கெட்டி. நாசிலில் பொடித்தூறலாக வராமல் சொட்டாக விழும், அரைகுறையாக எரியும்.

முறையாகத் தயாரித்ததென்றால் எனக்கு முழுச் சம்மதம். அதன் எடையில் சுமார் 11 சதவீதம் ஆக்சிஜன். அதனால் கரும்புகையும் கார்பன் மோனாக்சைடும் குறையும். 20 சதவீதம் பயோடீசல் கலந்த டீசலில் கரித்துகள் சுமார் 10 சதவீதம் குறைவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002-ல் கணக்கிட்டது. நைட்ரஜன் ஆக்சைடு 2 சதவீதம் கூடியது; அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்புறம், பழைய டேங்கின் கசடைக் கரைத்து இழுத்து வரும் என்பதால், கலவைக்கு மாறியதும் ஃபில்டரைச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள்.

2030-க்குள் டீசலில் 5 சதவீதம் கலப்பது 2018 தேசிய உயிரி எரிபொருள் கொள்கையின் இலக்கு. சரி, நல்லது. ஆனால் விற்கும் இடத்தில் கலப்பு விகிதத்தைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டச் சொல்லுங்கள். தரச் சான்றையும் கேட்டால் காட்ட வேண்டும்.

டீசல் மெக்கானிக்,
நாமக்கல்