கண்ணாடியைக் கழற்றிய பிறகு நீட்டிய படிவம்

மருத்துவமனைகளை நடத்துபவர்களுக்கும் அங்கே அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

என் அப்பா அச்சகத்தில் முப்பது ஆண்டுகள் பிழை திருத்துநராக இருந்தவர். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளைக்கூடப் பிரித்துக் கடைசி வரி வரை படிப்பார். அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டு நான் பார்த்த ஒரே தாள், உங்களைப் போன்ற ஒரு மருத்துவமனையின் சம்மதப் படிவம்.

குடலிறக்க ஆபரேஷன். காலை ஆறரை மணி. அங்கியை மாட்டிவிட்டு, பல்செட், கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார்கள். ஸ்ட்ரெச்சரைத் தியேட்டர் கதவு வரை தள்ளிக்கொண்டு போன பிறகுதான் யாருக்கோ படிவம் நினைவுக்கு வந்தது. அட்டையில் செருகிக் கொண்டுவந்தார்கள். "கண்ணாடியைக் குடு" என்றார் அப்பா. நான் பையைத் துழாவுவதற்குள், "டாக்டர் உள்ளே காத்திட்டிருக்கார் ஐயா, சும்மா ஃபார்மாலிட்டிதான்" என்று சொல்லி நர்ஸ் பேனாவை அவர் விரலிடுக்கில் வைத்தார். எங்கே போட வேண்டும் என்று தொட்டும் காட்டினார். மல்லாந்து படுத்தபடி போட்ட கையெழுத்து கோட்டைத் தாண்டி மேலே ஏறிப் போயிருந்தது.

அந்த நர்ஸ் மேல் எனக்குக் கோபமில்லை. இரவு முழுக்க விழித்திருந்த முகம் அது. படிவத்தை அந்த நேரத்துக்குத் தள்ளிவைத்த ஏற்பாடு யாருடையதோ, அவர்களுக்குத்தான் இந்த மடல்.

'சும்மா' என்று சொல்லி நீட்டிய அந்தச் சம்மதப் படிவம் வந்த வழி கொஞ்சம் நீளம். 1908-இல் மேரி ஷ்லோண்டார்ஃப் என்ற பெண் நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தார். வயிற்றில் கட்டி. மயக்கம் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள், ஆபரேஷன் மட்டும் வேண்டாம் என்று சொன்னதாக அவர் பின்னால் சாட்சி கூறினார். மயக்கத்தில் இருந்தபோதே கட்டியை எடுத்துவிட்டார்கள். அப்புறம் கையில் சதை அழுகி, சில விரல்களை வெட்ட வேண்டியதாயிற்று. 1914-இல் தீர்ப்பெழுதிய நீதிபதி கார்டோசோ, வயது வந்த, மனத்தெளிவுள்ள எவருக்கும் தம் உடலில் என்ன நடக்கலாம் என்று முடிவுசெய்யும் உரிமை உண்டு என்றார். நோயாளி உரிமை பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்த வரியைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் வழக்கில் அந்தப் பெண் தோற்றார். தர்ம மருத்துவமனை என்பதால் அதன் மேல் பொறுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நூறாண்டு கழித்து, 2015-இல், பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி மேலே போனது. நீரிழிவு உள்ள, உயரம் குறைந்த ஒரு தாய். நீரிழிவு உள்ள தாய்மார்களுக்குப் பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு 9 முதல் 10 சதவீதம். மருத்துவருக்கு அது தெரியும், சொல்லவில்லை. சொன்னால் சிசேரியன் கேட்பார்கள் என்பது அவர் எண்ணம். தோள் சிக்கியது, குழந்தைக்கு மூளையில் பாதிப்பு. மற்ற மருத்துவர்கள் வழக்கமாக எவ்வளவு சொல்வார்கள் என்பதை இனி அளவுகோலாக வைக்க முடியாது, அந்த நோயாளியின் இடத்தில் இருப்பவர் எதை முக்கியம் என்று நினைப்பாரோ அதைச் சொல்ல வேண்டும் என்றது நீதிமன்றம். புரியாத தகவலைத் தலையில் கொட்டி வழக்கம்போலக் கையெழுத்து வாங்கிக்கொள்வதால் கடமை தீர்ந்துவிடாது என்றும் சேர்த்துச் சொன்னது. படித்தபோது தியேட்டர் கதவுதான் ஞாபகத்துக்கு வந்தது.

சரி, அப்பாவிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பெரிதாக ஒன்றுமில்லை. வயிற்றுச் சுவரைப் பலப்படுத்த ஒரு வலை வைப்போம், அது உள்ளேயே இருந்துவிடும். சிலருக்குக் குடலிறக்கம் மறுபடியும் வரலாம். சிலருக்குத் தொடை இடுக்கில் வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். தொந்தரவு அதிகமில்லாத ஆண்களுக்கு உடனே வெட்டாமல் கொஞ்ச காலம் கவனித்துப் பார்ப்பதும் ஒரு வழி. பத்து நிமிஷப் பேச்சு.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு மாதமாகியும் சுருக் சுருக்கென்று வலி. அப்பா யாரிடமும் சொல்லவில்லை. உள்ளே எதையோ தப்பாகத் தைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, படிக்கட்டு ஏறுவதை நிறுத்தினார், இருமல் வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பயந்தார். கடைசியில் போய்க் கேட்டபோது, "இது சிலருக்கு வரும், குறைஞ்சிடும்" என்றார்கள். அதே வாக்கியத்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் என்ன? அவர் ஆபரேஷன் வேண்டாம் என்று எழுந்து போயிருக்க மாட்டார். வலியோடு பயத்தையும் சேர்த்துச் சுமந்திருக்க மாட்டார், அவ்வளவுதான்.

என் பங்கையும் ஒப்புக்கொள்கிறேன். முந்தின நாள் டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு இரண்டு நிமிஷம் பேசினார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அறைக்குள் அப்பா, "என்ன சொன்னார்?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லப்பா" என்றேன். உடம்பு அவருடையது, சேதி மட்டும் எனக்கு. மருத்துவர்களின் சொந்த அமைப்பான உலக மருத்துவச் சங்கம் 1981-இல் லிஸ்பனில் வெளியிட்டு 1995-இல் திருத்திய நோயாளி உரிமைப் பிரகடனம் இதற்கும் வழி சொல்கிறது. தனக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்கவும், தன் சார்பில் யாரிடம் சொல்லலாம் என்று தேர்ந்தெடுக்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு. தேர்ந்தெடுப்பவர் நோயாளி. அப்பாவை யாரும் கேட்கவே இல்லை.

உங்கள் பக்கத்து நியாயமும் புரிகிறது. விபத்தில் நினைவில்லாமல் வருபவரிடம் படிவம் நீட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை, உயிரைக் காப்பாற்றுங்கள். நேரமும் உங்களுக்கு இல்லை. தவிர, நீங்கள் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளிகள் உடனே மறந்துவிடுகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் சொல்லி என்ன பயன் என்று தோன்றலாம். ஆனால் எழுத்தில் கொடுத்தால் வீட்டில் எடுத்துப் படிக்கலாமே. சொல்லி முடித்ததும், "நாளைக்கு என்ன செய்யப் போகிறோம், நீங்கள் ஒரு தடவை சொல்லுங்கள்" என்று திருப்பிக் கேட்டால் எங்கே புரியவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். அமெரிக்காவில் 2010-இல் 105 மருத்துவர்கள் தங்கள் குறிப்புகளை நோயாளிகளே படிக்கும்படி திறந்துவிட்டுப் பார்த்தார்கள். சோதனை முடிந்த பிறகு அவர்களில் ஒருவரும் நிறுத்திக்கொள்ளவில்லை.

எங்களுக்கோ படிவத்தின் நகல் வாங்கவே மூன்று நடை நடக்க வேண்டியிருந்தது. "எதுக்கு? கேஸ் போடப் போறீங்களா?" என்று ரெக்கார்டு அறையில் கேட்டார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத்தான் என்றால் நம்பவில்லை. ஒருவழியாகக் கிடைத்தது. 'விளக்கிச் சொன்ன ஆபத்துகள்' என்ற தலைப்புக்குக் கீழே மூன்று கோடு, மூன்றும் காலி. 'மாற்றுச் சிகிச்சை முறைகள்', அதுவும் காலி. அதற்கடியில், 'அனைத்தும் எனக்குப் புரியும்படி விளக்கப்பட்டது' என்று அச்சடித்த வரி, அதன் மேல் ஏறிக்கொண்டு அப்பாவின் கோணல் கையெழுத்து. அவர் சிவப்புப் பென்சிலை எடுத்து இரண்டு காலி இடத்தையும் வட்டமிட்டு, ஓரத்தில் 'விடுபட்டது' என்று எழுதினார். பழக்க தோஷம்.

இப்போது அவருக்கு மறுபக்கமும் இறங்கியிருக்கிறது. அடுத்த மாதம் ஆபரேஷன் என்று நாள் குறித்தாகிவிட்டது. சம்மதம் தர அவருக்கு மறுப்பில்லை. படிவத்தை முந்தின நாள் மாலையே கொடுத்துவிடுங்கள், கோடுகளை நிரப்பி. டாக்டர் பத்து நிமிஷம் வந்து உட்காரட்டும், அப்பா மூன்று கேள்வி எழுதி வைத்திருக்கிறார். கண்ணாடி அந்த நேரம் அவர் மூக்கிலேயே இருக்கும்.