அம்மா கழுத்தில் கிடக்கும் அந்தக் கல்

மக்கா,

நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. அந்தக் கறுப்புக் கல் பதக்கத்தை அம்மா அன்றைக்கே கழுத்தில் போட்டாள். குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. பையன் அனுப்பியது என்று பால்காரர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. போனில் பேசினால் அவள் பக்கத்திலேயே நிற்பாள் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. மாத்திரையை விடக்கூடாது என்று நீயே அவளைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். சர்க்கரைக்குத் தரும் மெட்பார்மின் அட்டை பாதியில் கிடக்கிறது. கேட்டால், "சுகர் தன்னால குறையும்னு கல்லோட வந்த நோட்டீஸ்ல போட்டிருக்கு" என்கிறாள். ஊரில் பாதிப் பேருக்கு பிசிக்ஸ் எடுத்த வாத்தியார் நான். வீட்டில் என் பேச்சு எடுபடவில்லை. நீ சொன்னால் கேட்பாள்.

பெட்டிக்குள் இருந்த நோட்டீஸைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தேன். ஸ்கேலர் எனர்ஜி, குவாண்டம், டெராஹெர்ட்ஸ், நெகட்டிவ் அயான். எல்லாம் நான் போர்டில் எழுதிய சங்கதிகள்தான். ஆனால் ஒன்றுக்காவது அளவு உண்டா? எத்தனை ஜூல், எத்தனை வாட், எந்தக் கருவியில் அளந்தார்கள், ஒன்றையும் காணோம். ஸ்கேலர் என்றால் அளவு மட்டும் உள்ளது, திசை இல்லாதது. எந்த ஆற்றலுக்கும் திசை கிடையாது. விறகடுப்பில் வருவதும் ஸ்கேலர்தான், இந்தக் கல்லுக்கு மட்டும் அதில் என்ன விசேஷம்? டெராஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு லட்சம் கோடி கணக்கில் அதிரும் அலை, வீசுகிறதாம். 37 டிகிரியில் இருக்கும் மனித உடம்பு அகச்சிவப்புக் கதிர் வீசுகிறது, அதன் உச்சம் 9 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி. அதிர்வெண்ணாக மாற்றினால் 30 டெராஹெர்ட்ஸுக்கு மேலே வரும். கணக்குப் போட்டுப் பார், நீ போடாத கணக்கா? கல் அம்மாவுக்குக் கொடுப்பதைவிட அம்மா கல்லுக்குக் கொடுப்பதுதான் அதிகம்.

பிளஸ் டூவில் பிசிக்ஸில் 200க்கு 200 வாங்கியவன் நீ. அந்த மார்க் ஷீட்டை இன்னும் எல்ஐசி பைலில்தான் வைத்திருக்கிறேன்.

என்னை உறுத்துவது அந்த அயான் விஷயம். கொட்டாரம் சித்தப்பா ஒரு வீடியோ காட்டினான். நீ அனுப்பியதாம். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மீட்டரைக் கொண்டுபோனால் எண் ஏறுகிறது, சுற்றி நிற்கிறவர்கள் கை தட்டுகிறார்கள். பேட்டரி கிடையாது, சார்ஜ் ஏற்ற வேண்டாம், ஆயுசுக்கும் அயான் தரும் என்கிறார்கள். அயான் என்பது மின்னேற்றம் கொண்ட அணுவோ மூலக்கூறோ. அதை உண்டாக்கக் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க 12 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும், நைட்ரஜனுக்கு அதைவிடக் கூடுதல். சும்மா கிடக்கிற கல்லுக்கு அது எங்கிருந்து வரும்? மீட்டரில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும், இல்லையென்றால் கல்லுக்குள் கதிரியக்கப் பொருள் இருக்க வேண்டும்.

குமரிக் கடற்கரையில் மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இதை நான் விளக்க வேண்டாம். இங்கிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் 1909இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட் என்ற தாதுவைக் கண்டுபிடித்த கதையை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அதிலிருந்து எடுத்த தோரியம் என்ற கதிரியக்க உலோகம்தான் அந்தக் காலத்து கேஸ் விளக்கு மேண்டிலுக்குப் போனது. அதே தோரியம் உள்ள தாதுப்பொடியைக் குழைத்துத்தான் இப்படிப்பட்ட பதக்கங்களில் சிலவற்றைச் செய்கிறார்கள். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி பத்துப் பொருட்களைச் சோதித்து, கதிர்வீச்சு இருக்கிறது, யாரும் போடாதீர்கள் என்று அறிவித்தது. அதில் குவாண்டம் பதக்கமும் உண்டு, சின்னப் பிள்ளைகள் போடும் வளையலும் உண்டு. அளவு குறைவுதான், ஆனால் வருஷக்கணக்கில் தோலோடு ஒட்டிக் கிடந்தால் கெடுதல் வரலாம் என்றார்கள்.

நீ அனுப்பியதில் தோரியம் உண்டா என்று கதிர்வீச்சை அளக்கும் கெய்கர் மீட்டர் வைத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. இல்லையென்றால் அது வெறும் கல். உண்டு என்றால் ராத்திரி பகலாக நெஞ்சில் கிடக்கக் கூடாத கல். இரண்டில் எதுவானாலும் அம்மா கழுத்தில் அதற்கு வேலை இல்லை.

சித்தப்பாவுக்கு முட்டுவலி குறைந்ததே என்பாய். குறைந்திருக்கும், அவன் பொய் சொல்கிறவன் இல்லை. பெர்கின்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1796இல் இரண்டு உலோகக் குச்சிகளுக்குக் காப்புரிமை வாங்கி வலி எடுக்கும் கருவி என்று விற்றார். உடம்பில் மின்சாரம் உண்டு என்று கால்வனி சொன்னது புதுசாக இருந்த காலம், அதனால் உடம்பின் மின்சாரத்தை இழுக்கும் என்று சொன்னார்கள். இங்கிலாந்தில் ஹேகார்த் என்ற மருத்துவர் 1799இல் மரக்குச்சிக்கு அதேபோலச் சாயம் பூசி ஐந்து நோயாளிகளுக்குத் தேய்த்தார். நான்கு பேர் வலி குறைந்தது என்றார்கள். அப்புறம் ரேடியம் வந்ததும் ரேடியம் தண்ணீர் விற்றார்கள், அதைக் குடித்து ஆளே செத்தான். இப்போது குவாண்டத்தின் முறை. சித்தப்பா வலியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சர்க்கரை அப்படி ஏமாறாது. அம்மாவிடம் மாத்திரை விஷயம் சொல்.

இன்னொன்று, கோபப்படாமல் கேள். உன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சர்க்கரை வியாதி குணமாகும் என்று போட்டிருக்கிறாயாம். இந்த மாதிரி விளம்பரத்துக்கென்றே 1954ஆம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது. தாயத்து, கவசம் எல்லாம் அதில் அடக்கம், சர்க்கரை வியாதியும் பட்டியலில் உண்டு. முதல் தடவை பிடிபட்டாலே ஆறு மாதம் வரை ஜெயில். கம்பெனிக்காரன் எங்கேயோ இருப்பான், ஸ்டேட்டஸில் இருப்பது உன் பேரும் உன் நம்பரும். இன்றைக்கே எடுத்துவிடு.

நீ மண்டபத்தில் மீட்டிங் போட்டுக் கீழே ஆள் சேர்க்கிறாய் என்றும் சித்தப்பா சொன்னான். ஆபீஸ் வேலைக்கு நடுவில் அவனுக்கு எங்கடா நேரம் என்று சத்தம் போட்டு அனுப்பிவிட்டேன். முன்பெல்லாம் ராத்திரி பத்துக்கு மேல்தான் உன் போன் வரும், அதுவும் கொட்டாவியோடு. இப்போது செவ்வாய், புதன் என்றில்லாமல் பகல் பதினோரு மணிக்கு வருகிறது, நிதானமாகப் பேசுகிறாய். அம்மாவுக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். எனக்கும்தான்.

எத்தனை பெட்டி வாங்கி வைத்திருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. விற்காததைத் திருப்பி எடுப்பார்களா என்று மட்டும் விசாரி. எடுக்காவிட்டால் கிடக்கட்டும், தெரிந்தவர்கள் தலையில் கட்டாதே. நம் சொந்தக்காரர்கள் உன் படிப்பைப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

தேங்காய் வெட்டிய பணம் பாங்கில் சும்மா கிடக்கிறது. இந்த மாதம் வாடகை எவ்வளவு, உன் அக்கவுண்ட் பழையதுதானா, இரண்டையும் எழுது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

பதக்கத்தைக் கழற்றச் சொல்லும்போது நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே, பிறகு வேண்டுமென்றே போடுவாள். மாத்திரை காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்ட பிறகு. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல் நாளைக்கே கூப்பிடு.

அப்பா